ஐந்து கருவிகள், ஒரு மோட்டார், ஒரு சிறு திருகு

ரம்பம் அறுக்கிறது, துரப்பணம் துளையிடுகிறது, கடைசல் இயந்திரம் மரத்தைச் சுழற்றிக் கடைகிறது, தேய்ப்புச் சக்கரம் மெருகேற்றுகிறது. செய்யும் வேலை வேறு வேறு. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: சுழலும் ஒரு தண்டு. அப்படியானால் இத்தனை இயந்திரங்களுக்கும் தனித்தனியாக மோட்டார் எதற்கு?

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில் ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்பவர் இப்படித்தான் கேட்டுக்கொண்டார். போரிலிருந்து திரும்பியவர்கள் சிறு வீடுகளில் குடியேறிக்கொண்டிருந்த காலம் அது. ஓய்வு நேரத்தில் மேசையும் அலமாரியும் தாமே செய்துகொள்ளும் ஆர்வம் பலருக்கும் இருந்தது. ஐந்து இயந்திரங்களை நிறுத்தி வைக்க இடம் இல்லை. 1947-ல் அவர் வடிவமைத்த 'ஷாப்ஸ்மித்' விற்பனைக்கு வந்தது. இரண்டு இணையான எஃகுக் குழாய்கள், அவற்றின் மீது முன்னும் பின்னும் நகரக்கூடிய, சுழல் தண்டைத் தாங்கிய தலைப்பகுதி, மேசை ஒன்று. வட்ட ரம்பத்தை மாட்டினால் அது அறுவை இயந்திரம். ரம்பத்தைக் கழற்றிவிட்டு எதிர் முனையில் ஒரு தாங்கியைப் பொருத்தினால் கடைசல் இயந்திரம். தட்டையான சக்கரத்தில் உப்புத்தாளை ஒட்டி மாட்டினால் தேய்ப்பான். படுக்கை வாட்டில் துளையிடலாம். குழாய்களை அப்படியே நிமிர்த்தி நிறுத்தினால் செங்குத்தாகவும் துளையிடலாம். ஆக, ஐந்து கருவிகள்.

இந்த இயந்திரத்தின் கதையைச் சற்று விரிவாகச் சொல்லப் போகிறேன். காரணம், உராய்வு, அதிர்வு, சுழற்சி ஆற்றல், வெப்ப விரிவு என்று நீங்கள் வகுப்பில் தனித்தனியாகப் படிக்கும் பாடங்கள் இதில் ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன. ஒருவருடைய நெற்றிக் காயமும் இதில் சேர்ந்திருக்கிறது.

முதலில் வேகத்தைப் பார்ப்போம். பெரிய மரக்கட்டையை மெதுவாகக் கடைய வேண்டும். சிறு துரப்பண முனையோ வேகமாகச் சுழல வேண்டும். மோட்டாரின் வேகம் ஏறத்தாழ மாறாதது. அமெரிக்காவில் மின்சாரத்தின் அலைவெண் வினாடிக்கு 60. இரு துருவ மோட்டார் ஒன்றில் காந்தப்புலம் வினாடிக்கு 60 முறை, அதாவது நிமிடத்திற்கு 3,600 முறை சுற்றும். சுழலி அதைவிடச் சற்றுப் பின்தங்கியே ஓடும். பின்தங்காவிட்டால் அதில் மின்னோட்டம் தூண்டப்படாது, இழுவிசையும் பிறக்காது. ஆகவே பெயர்த் தகட்டில் 3,450 என்று போட்டிருக்கும்.

பின்னர் 1950களில் வந்த 'மார்க் 5' என்னும் மாதிரியில் இந்த 3,450-ஐ நிமிடத்திற்கு 700 முதல் 5,200 சுற்றுகள் வரை எதுவாகவும் மாற்றிக்கொள்ள முடிந்தது. எப்படி? பெல்ட் ஓடும் கப்பி இரண்டு கூம்புத் தட்டுகளால் ஆனது. தட்டுகளை நெருக்கினால் இடையிலுள்ள பெல்ட் வெளி விளிம்பை நோக்கி ஏறும். கப்பி பெரிதானது போல ஆகிவிடும். விலக்கினால் பெல்ட் உள்ளே இறங்கும். எதிர்க் கப்பியின் தட்டுகளை ஒரு சுருள்வில் நெருக்கிப் பிடித்திருப்பதால், இங்கே பெல்ட் ஏறும்போது அங்கே தானாக இறங்கும். ஒரு குமிழைத் திருகினால் போதும். ஆனால் இயந்திரம் நிற்கும்போது அந்தக் குமிழைத் திருகக் கூடாது. ஓடும் பெல்ட் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாக ஏறும். நிற்கும் பெல்ட்டை நெருக்கினால் அது நசுங்கும், அல்லது வேறு ஏதாவது உடையும். இதைக் கையேட்டில் படிக்காமல், உடைத்துத் தெரிந்துகொண்டவர்கள் உண்டு.

இப்போது அந்த நெற்றிக் காயத்துக்கு வருவோம்.

கலிஃபோர்னியாவில் ஒருவருக்கு 1955 கிறிஸ்துமஸ் பரிசாக அவருடைய மனைவி ஷாப்ஸ்மித் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். 1957-ல் அவர் கடைசலுக்கு வேண்டிய துணைப் பாகங்களையும் வாங்கினார். பெரிய மரக்கட்டை ஒன்றைக் கடைந்து, காலுள்ள கிண்ணம் ஒன்று செய்வது அவர் எண்ணம். சில முறை கடைந்தார்; ஒரு தொல்லையும் இல்லை. பிறகு ஒரு முறை, சுழன்றுகொண்டிருந்த கட்டை திடீரென்று இயந்திரத்திலிருந்து விடுபட்டுப் பறந்து வந்து அவர் நெற்றியில் மோதியது. பலத்த காயம்.

கட்டை எவ்வளவு ஆற்றலுடன் வந்திருக்கும்? அந்தக் கட்டையின் அளவு நமக்கு வேண்டாம். நாமாக ஒன்றை எடுத்துக்கொள்வோம். 10 செ.மீ. விட்டம், 30 செ.மீ. நீளம். நல்ல கடின மரம். கன மீட்டருக்கு 700 கி.கி. அடர்த்தி. கணக்கிட்டால் நிறை சுமார் 1.65 கி.கி. வருகிறது. உருளையின் நிலைமத் திருப்புத்திறன், நிறையை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கியதில் பாதி. நிமிடத்திற்கு 1,500 சுற்று என்றால் கோண வேகம் வினாடிக்கு 157 ரேடியன். சுழற்சி ஆற்றல் 25 ஜூல் என்று கிடைக்கும். அதே கட்டையை ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் தரையைத் தொடும்போது எவ்வளவு ஆற்றல் இருக்குமோ, அவ்வளவு. வேகத்தை 3,000 ஆக்கினாலோ ஆற்றல் நான்கு மடங்கு. ஆறு மீட்டருக்கு மேலிருந்து விழுவதற்குச் சமம். இந்த ஆற்றல் முழுவதும் நெற்றியில் இறங்கும் என்பதில்லை. பெரும் பகுதி சுழற்சியாகவே நின்றுவிடும். ஆயினும் பெரிய கட்டைக்குக் குறைந்த வேகம் என்னும் விதி எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

கட்டை ஏன் விடுபட்டது? கடைசலில் மரத்தை இரு முனைகளிலும் கூர்முனைகள் பிடித்திருக்கின்றன. ஒரு முனை தலைப்பகுதியில். அது மரத்தைச் சுழற்றும். மறுமுனை எதிர்த் தாங்கியில். அது மரத்துக்குள் சில மில்லிமீட்டர் பதிந்து நின்று தாங்கும். எதிர்த் தாங்கி பின்னால் நகர்ந்துவிட்டால் மரத்துக்குப் பிடிப்பு இல்லை. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனபோது வல்லுநர்கள் சொன்னது இதுதான்: இயந்திரத்தின் பகுதிகளைப் பிணைத்துப் பிடித்திருந்த செட் ஸ்குருக்கள் போதுமானவை அல்ல, சாதாரணமாக ஓடும்போது உண்டாகும் அதிர்வே எதிர்த் தாங்கியை மரத்திலிருந்து விலக்கிவிட்டது. இதைவிட உறுதியான பிணைப்பு முறைகள் இருந்தன. அவற்றைக் கையாண்டிருந்தால் விபத்து நேர்ந்திராது.

செட் ஸ்குரு என்றால் என்ன? நம் பட்டறைகளில் 'கிரப் ஸ்குரு' என்றும் சொல்வார்கள். ஒரு வளையத்தின் பக்கவாட்டில் மரையிட்டு, அதன் வழியே திருகி, உள்ளே இருக்கும் தண்டின் மீது நுனியை அழுத்துவது. அது தண்டைத் துளைப்பதில்லை, அழுத்துகிறது, அவ்வளவே. பிடித்து நிறுத்துவது உராய்வு. 1,000 நியூட்டன் விசையுடன் அழுத்துகிறது, உராய்வுக் கெழு 0.15 என்று கொண்டால், அது தாங்கும் நகர்த்து விசை 150 நியூட்டன். சுமார் 15 கிலோ எடை. தண்டில் ஒரு குழி இட்டு, 6 மி.மீ. பருமனுள்ள எஃகு நுனி அதற்குள் இறங்கி நிற்குமாறு செய்தால் என்ன ஆகும்? இப்போது தண்டு நகர வேண்டுமானால் எஃகையே வெட்ட வேண்டும். நுனியின் பரப்பு 28 சதுர மி.மீ.; சாதாரண எஃகு சதுர மி.மீட்டருக்கு 200 நியூட்டன் வெட்டுவிசை தாங்கும் என்று வைத்தால் மொத்தம் 5,600 நியூட்டன். அதே திருகு, 37 மடங்கு பிடிப்பு!

ஆனால் எதிர்த் தாங்கியை மரத்தின் நீளத்துக்குத் தக்கபடி எங்கும் நிறுத்த வேண்டுமே! எல்லா இடத்திலும் குழி இட முடியுமா? இங்கேதான் ஐந்து கருவிகளை ஒன்றாக்கியதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரே வேலை செய்யும் இயந்திரத்தில் பல பகுதிகளை ஒரேயடியாகப் பற்றவைத்துவிடலாம். பல வேலை செய்வதிலோ எல்லாமே நகர வேண்டும்; நகர்வது எல்லாவற்றையும் மீண்டும் பூட்ட வேண்டும். பூட்டுகள்தான் அந்த இயந்திரத்தின் உயிர். ஆப்பு வைத்து இறுக்குவது, பிளந்த வளையத்தால் தண்டைச் சுற்றிலும் கவ்வுவது என்று வழிகள் உண்டு. அவையும் உராய்வுதான், ஆனால் ஒரு நுனியில் அல்ல, பெரும் பரப்பில், பல மடங்கு அழுத்தத்துடன்.

"உராய்வு 150 நியூட்டன் தாங்கும்; வேலையில் வரும் விசை 50 நியூட்டன்தான். பிறகு ஏன் நகர வேண்டும்?" என்று ஒரு மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. விடை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. விரலில் இறுகிப்போன மோதிரத்தை எப்படிக் கழற்றுகிறீர்கள்? நேராக இழுத்தால் வராது. திருகித் திருகி இழுத்தால் மெல்ல வந்துவிடும். உராய்வு எப்போதும் நகர்வின் திசைக்கு எதிராகவே இருக்கும். மோதிரம் சுற்றி நகரும்போது உராய்வு முழுவதும் அந்தச் சுற்றலை எதிர்ப்பதில் செலவாகிறது. நீளவாட்டில் தடுக்க ஒன்றும் மிச்சமில்லை.

அதிர்வும் அதைத்தான் செய்கிறது. குறுக்கே இப்படியும் அப்படியும் சிறிது நழுவும் ஒவ்வொரு கணத்திலும், நீளவாட்டில் இருந்த தடை காணாமல் போகிறது. அந்தக் கணத்தில் தாங்கி ஓர் இம்மி பின்னே போகும். 1,500 சுற்று என்றால் நிமிடத்திற்கு 1,500 குலுக்கல்கள். ஒவ்வொன்றிலும் ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தது என்று கொள்ளுங்கள். ஒரு நிமிடத்தில் ஒன்றரை மி.மீ.; கூர்முனை 3 மி.மீ. பதிந்திருந்தால் இரண்டே நிமிடம். கண்ணுக்கு எதுவும் தெரியாது. "சில முறை கடைந்தபோது தொல்லையில்லை" என்பதன் பொருளும் இதுதான்.

திருகும் தன் பங்குக்குத் தளரும். திருகின் மரை என்பது தண்டைச் சுற்றிய ஒரு சாய்தளம். 8 மி.மீ. திருகில் அதன் சாய்வு சுமார் 3 பாகைதான். உராய்வுக் கோணமோ 8 பாகைக்கு மேல். ஆகவே தானாகத் திரும்பி வராது என்றுதான் பாடம் சொல்கிறது. அசையாமல் இருக்கும் வரை அது சரி. குறுக்கே குலுங்கினால் மோதிரக் கதைதான். 1969-ல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற பொறியாளர் திருகுகளைக் குறுக்குவாட்டில் குலுக்கும் கருவி ஒன்றை அமைத்து, எவ்வளவு இறுக்கிய திருகும் இவ்வகை அதிர்வில் தானே கழன்றுவிடக்கூடும் என்று காட்டினார். இன்றும் திருகுகளைச் சோதிக்கும் அம்முறைக்கு அவர் பெயர் வழங்குகிறது.

வழக்குக்குத் திரும்புவோம். இயந்திரம் உறுதியானது, பூட்டுகள் நிலைத்து நிற்கும் என்று உற்பத்தியாளரின் விளம்பரப் புத்தகம் சொல்லியிருந்தது. காயம்பட்டவரோ பத்தரை மாதம் கழித்துத்தான் எழுத்து மூலம் முறையிட்டார். காலம் தாழ்ந்துவிட்டது என்பது உற்பத்தியாளரின் வாதங்களில் ஒன்று. 1963-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ரோஜர் டிரெய்னர் எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. வாங்குபவர் உள்ளே பிரித்துச் சோதித்துப் பார்க்க மாட்டார் என்று தெரிந்தே ஒரு பொருளைச் சந்தைக்கு அனுப்பும் உற்பத்தியாளர், அதன் குறையால் ஒருவர் காயமுற்றால், எந்த உறுதிமொழியும் எழுதித் தராவிட்டாலும் பொறுப்பாளியே என்று அது கூறியது. 65,000 டாலர் இழப்பீடு உறுதியாயிற்று. பொருள்களின் குறைக்கு உற்பத்தியாளர் பொறுப்பு என்னும் அமெரிக்கச் சட்டப் பிரிவே இத்தீர்ப்பின் மேல் வளர்ந்தது. சட்டக் கல்லூரிகளில் இதைப் படிக்கிறார்கள். பொறியியல் கல்லூரிகளிலும் முதலாண்டிலேயே படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

1960களிலேயே இந்த இயந்திரத்தின் உற்பத்தி நின்றுபோயிற்று. ஆனால் விற்ற இயந்திரங்கள் வீடுகளில் இருந்தன. பெல்ட் தேயும், பேரிங் இரையும், குமிழ் உடையும். ஓஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் ஜான் ஃபோல்கர்த் என்பவரிடமும் ஒன்று இருந்தது. உதிரிப் பாகம் தேடிப் போனவருக்கு, அதைச் செய்வோரே இல்லை என்று தெரியவந்தது. வேறொருவராக இருந்தால் இயந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார். அவர் அதன் உற்பத்திக்கான அச்சுகளையும் பிடிகருவிகளையும் தேடிப் பிடித்து வாங்கி, 1972-ல் ஷாப்ஸ்மித் நிறுவனத்தைத் தொடங்கினார். மார்க் 5 மீண்டும் செய்யப்பட்டது. பழைய மார்க் 5 வைத்திருந்தவர்களுக்கும் உதிரிப் பாகம் கிடைத்தது.

வரைபடம் மட்டும் இருந்தால் போதாதா, அச்சு எதற்கு என்று தோன்றும். உருகிய அலுமினியம் சுமார் 660 பாகையில் உறைகிறது. அங்கிருந்து அறை வெப்பநிலைக்கு வருவதற்குள் 630 பாகை குளிர வேண்டும். அதன் நீள விரிவுக் கெழு பாகைக்குப் பத்து லட்சத்தில் 23 பங்கு. பெருக்கினால் நூற்றுக்கு 1.4-க்குச் சற்று மேல். 100 மி.மீ. நீளப் பாகம் வேண்டுமானால் அச்சு 101.4 மி.மீ. இருக்க வேண்டும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. தடித்த இடம் மெதுவாக ஆறும், மெல்லிய இடம் முந்திக்கொள்ளும், பாகம் சற்றே கோணும். ஒரு நல்ல அச்சு இந்தக் கோணலையெல்லாம் முன்கூட்டியே எதிர்ப்பக்கம் கணக்கில் கொண்டது. பல முறை வார்த்து, அளந்து, திருத்திச் செய்தது. வரைபடம் ஆறிய பொருளின் அளவை மட்டுமே சொல்லும்.

அளவு சற்றுத் தவறினால் என்ன குடி முழுகிவிடும்? இந்த இயந்திரத்தின் சுழல் தண்டு அங்குல அளவில் செய்தது: விட்டம் எட்டில் ஐந்து அங்குலம், அதாவது 15.875 மி.மீ. நம் ஊரில் யாராவது 16 மி.மீ. துளையிட்ட சக்கரம் ஒன்றை அதில் மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். இடைவெளி 0.125 மி.மீ.; கையால் அசைத்தால் தெரியவே தெரியாது. ஒரு பக்கமாகத் திருகினால் சக்கரத்தின் மையம் அதில் பாதி, 0.0625 மி.மீ. விலகும். சக்கரத்தின் நிறை 1 கிலோ. வேகம் 3,500 சுற்று. மையவிலக்கு விசை 8.4 நியூட்டன். கிட்டத்தட்ட 850 கிராம் எடைக்குச் சமமான ஒரு விசை, தண்டைச் சுற்றிச் சுற்றி வினாடிக்கு 58 முறை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த அதிர்வு திருகுகளைப் போய்ச் சேரும். அப்புறம் நடப்பது உங்களுக்குத் தெரியும்.

உலகத்தார் ஒன்றுகூடி ஒரே அளவுக்கு இணங்கிய பாகங்களும் உண்டு. குண்டு பேரிங்கின் பக்கத்தில் 6203 என்று பொறித்திருந்தால், அது எந்த நாட்டில், யார் செய்ததாயினும், உள்விட்டம் 17 மி.மீ., வெளிவிட்டம் 40 மி.மீ., அகலம் 12 மி.மீ. 6202 என்றால் 15, 35, 11. கடைசி இரு இலக்கங்கள் உள்விட்டத்தைக் குறிக்கும்: 00 என்றால் 10 மி.மீ.; 01 என்றால் 12; 02 என்றால் 15; 03 என்றால் 17. 04 முதல் ஐந்தால் பெருக்கினால் போதும். 6205-க்கு 25 மி.மீ.

எங்கள் கல்லூரிப் பட்டறையில் ஒரு தேய்ப்பு இயந்திரம் உண்டு. ஒரு நாள் அதன் பேரிங் இரைந்தது. பட்டறை உதவியாளர் கழற்றி, எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். அரை மணியில் புதியதுடன் திரும்பினார். அடுத்த ஆண்டு அதே இயந்திரத்தின் பிளாஸ்டிக் குமிழ் விரிந்துபோனது. கையகலம் கூட இல்லாத பொருள். உற்பத்தியாளருக்கு நான்கு கடிதங்கள் போட்டோம். அந்த மாதிரியை நிறுத்திவிட்டதாக ஒரு பதில் வந்தது. கடைசியில் உதவியாளர் தேக்குத் துண்டு ஒன்றைக் கடைந்து குமிழாக மாட்டினார், இன்னும் இருக்கிறது. இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: முதல் கடிதத்தில் நான் இயந்திரத்தின் பெயரை மட்டுமே எழுதியிருந்தேன். தொடர் எண்ணை எழுதவில்லை. ஒரே பெயரில் வரும் இயந்திரத்திலும் இடையிடையே பாகங்களை மாற்றுவார்கள். எந்தக் கட்டத்தில் செய்தது என்பதைத் தொடர் எண்தான் காட்டும். உதிரிப் பாகம் கேட்டு எழுதும்போது பெயர்த் தகட்டில் உள்ள மாதிரி எண், தொடர் எண், வோல்ட், அலைவெண் எல்லாவற்றையும் பார்த்து எழுதுங்கள்.

அலைவெண் எதற்கு என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நிமிடத்திற்கு 700 முதல் 5,200 சுற்று என்று குறித்த, 60 அலைவெண்ணுக்கான மார்க் 5 இயந்திரம் ஒன்றை, தக்க மின்னழுத்தம் கொடுத்து, நம் நாட்டின் 50 அலைவெண் மின்சாரத்தில் ஓட்டுகிறோம். பின்தங்கும் விகிதம் மாறவில்லை என்று கொள்க. குமிழை இரு கோடிகளுக்கும் திருகினால் தண்டின் உண்மையான வேகம் என்னவாக இருக்கும்?

(விடை: ஏறத்தாழ 583, 4,333.)